ஒல்லிப் பாதத்துக்கு ஸ்கேட் ஸ்கீ பூட் வாங்குவது எப்படி?

பனிப்பாதையில் ஓடும் கிராஸ் கண்ட்ரி ஸ்கீயில், கால்களைப் பக்கவாட்டில் தள்ளிச் சறுக்கும் முறைதான் ஸ்கேட் ஸ்கீ. அமெரிக்காவின் மினியாபொலிஸில் அதைக் கற்றுக்கொண்ட முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே தொல்லைதான். ஒற்றைக் காலில் சறுக்கும்போது ஸ்கீ தட்டையாக ஓடாது. உள்விளிம்பில் சாய்ந்து, பனியைக் கீறிக்கொண்டே வேகம் குறைந்து நின்றுவிடும். முழங்காலை மடக்கச் சொன்னார்கள், மடக்கினேன். இடுப்பை முன்னால் கொண்டுவரச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஜனவரி முடிவதற்குள் குதிகாலில் கொப்புளம், கணைக்காலின் முன்பக்கத்தில் தீராத வலி. அடுத்த பருவத்தில் வேறு பூட் மாட்டிக்கொண்டு தியோடர் வர்த் பூங்காவின் பாதையில் இறங்கிய முதல் நாளே ஸ்கீ தட்டையாக ஓடியது. அத்தனை நாளும் என் ஒல்லிப் பாதம் பூட்டுக்குள் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பூட் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்த்து எடுத்த தவறு அது.

உங்களுக்கும் சாதாரண ஷூவில் லேஸை இழுத்துக் கட்டினால் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்கிறதா? நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வருகிறதா? அப்படியானால் ஸ்கீயும் கம்பும் வாங்குவதற்கு முன் பூட்டை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பூட் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஸ்கேட் ஸ்கீயின் நடுப்பகுதி சுமார் 44 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். உங்கள் பாதம் ஒல்லியாக இருந்தாலும் விரல்களின் அடிப்பகுதியில் அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம் இருக்கும். அந்த மெல்லிய பலகையின் மேல் ஒற்றைக் காலில் நின்று ஓடுவதுதான் இந்த விளையாட்டு. பூட்டுக்குள் பாதம் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஸ்கீ எந்த விளிம்பில் நிற்கும் என்பது மாறிவிடும்.

பழைய கிளாசிக் முறையில் இரண்டு ஸ்கீயும் தடத்துக்குள் நேராக ஓடும், பூட் தாழ்வாகவும் மென்மையாகவும் இருந்தாலே போதும். ஸ்கேட்டிங் அப்படியில்லை. அமெரிக்க வீரர் பில் கோக் 1982-இல் கிராஸ் கண்ட்ரி ஸ்கீ உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்ற காலத்தில்தான் பந்தயங்களில் ஸ்கேட்டிங் வேகமாகப் பரவியது. அப்போது வீரர்கள் காலில் இருந்ததும் தாழ்வான பூட்தான். கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கஃப், வளையாத அடித்தளம் எல்லாம் ஸ்கேட்டிங்குக்காகவே பின்னால் வந்தவை. பக்கவாட்டில் தள்ளும் விசை கணுக்காலில் சிதறாமல் ஸ்கீக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் அந்த கஃப். ஆனால் கஃப் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் உள்ளே பாதம் தளர்வாக இருந்தால் அதனால் பயன் இல்லை.

தளர்வான பூட்டுக்குள் பாதம் சும்மா இருக்காது. விரல்களை மடக்கி அடித்தளத்தைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். பாத வளைவில் தசை பிடித்துக்கொள்வதும் கணைக்கால் முன்பக்கம் வலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். புதிதாக வருபவர்கள் இதைத் தங்கள் உடல் பலவீனம் என்று நினைத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

முதலில் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

மாலையில் அளங்கள். பகல் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஸ்கீ ஓட்டும்போது இருக்கப்போகிற அளவும் அதுதான். ஸ்கீக்குப் போடப்போகிற மெல்லிய காலுறையைப் போட்டுக்கொண்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, ஒரு தாளின் மேல் நில்லுங்கள். வேறொருவர் பென்சிலை நேராக நிறுத்தி பாதத்தைச் சுற்றி வரையட்டும். நாமே குனிந்து வரைந்தால் எடை இடம் மாறி அளவு தப்பிவிடும்.

நீளம், விரல்களின் அடியில் மிக அகலமான இடம், குதிகாலின் அகலம் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தையல் டேப்பை எடுத்து நடுப்பாதத்தைச் சுற்றி, அதாவது ஷூ லேஸ் முடிச்சு விழுகிற இடத்தைச் சுற்றி அளங்கள். பலர் இந்தக் கடைசி அளவை எடுப்பதே இல்லை. பாதம் ஒல்லி என்று நாம் சொல்லும்போது உண்மையில் அது இரண்டு வகையாக இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் குறுகலாக இருக்கலாம். அல்லது பக்கத்திலிருந்து பார்க்கும்போது புறங்கால் தாழ்ந்து, மொத்தத்தில் கனம் குறைவாக இருக்கலாம். எனக்கு இரண்டும் உண்டு. இரண்டாவது வகைக்கு என்ன செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன், அது முதலாவதை விடச் சுலபம்.

இரண்டு பாதத்தையும் அளக்க மறக்காதீர்கள். நிறையப் பேருக்கு ஒன்று கொஞ்சம் பெரியது. நீளத்தைப் பெரிய காலுக்குப் பார்த்துவிட்டு, சின்னக் காலின் தளர்வை உள்ளே நிரப்பிச் சரிசெய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் பெரிய காலின் நகம் கறுத்துவிடும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை வரைந்து பாருங்கள். நிற்கும்போது பாதம் நன்றாக நீண்டு அகலமாகிறது என்றால் எடை விழுந்ததும் உங்கள் பாத வளைவு சரிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பாதத்துக்கு நல்ல இன்சோல், அதாவது பூட்டுக்குள் பாதத்தின் அடியில் போடும் தட்டு, கட்டாயம்.

அமெரிக்கக் கடைகளில் பிரான்னாக் என்ற உலோக அளவுகோல் இருக்கும். சிராக்யூஸ் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரான்னாக் 1920களில் உருவாக்கியது அது. அதில் அகலத்துக்கு எழுத்து உண்டு. ஆண்களுக்கு டி சராசரி, பி ஒல்லி. பெண்களுக்கு பி சராசரி, இரட்டை ஏ ஒல்லி. ஒவ்வொரு எழுத்துக்கும் சுமார் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். உங்கள் எழுத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் பேச்சு சீக்கிரம் முடியும்.

அளவு எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் பூட்டுகளில் அகலத்தை எழுதியே விற்கிறார்கள்: 98 மில்லிமீட்டர் ஒல்லி, 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம் என்று. கிராஸ் கண்ட்ரி பூட்டில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. ஒரு மாடலுக்கு ஒரே அகலம்தான். ஆகவே ஒல்லிப் பாதக்காரருக்கு உடனே தோன்றும் யோசனை, ஒரு அளவு சின்னதாக வாங்கிவிடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். ஒரு ஐரோப்பிய எண் குறைத்தால் நீளத்தில் சுமார் 6.7 மில்லிமீட்டர் போய்விடும். அகலத்தில் குறைவது அதைவிட மிகக் கொஞ்சம். குதிகால் அப்போதும் ஆடும், விரல்கள் மட்டும் முன்னால் இடித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் எண்முறையிலேயே ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. சில நிறுவனங்கள் ஐரோப்பிய முழு எண்களில் மட்டும் பூட் செய்கின்றன. சில நிறுவனங்கள் பிரிட்டிஷ் அரை எண்களில் செய்கின்றன, அதில் ஒரு படி சுமார் 4.2 மில்லிமீட்டர்தான். 42 பெரிதாகவும் 41 சின்னதாகவும் இருக்கிறது என்றால், அரை எண்ணில் செய்யும் நிறுவனத்தின் பூட்டில் இடைப்பட்ட நீளம் கிடைத்துவிடலாம். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை விட, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் சென்டிமீட்டர் நீளத்தைப் பாருங்கள்.

எந்த நிறுவனம் ஒல்லிப் பாதத்துக்கு ஏற்றது என்று எல்லோரும் கேட்பார்கள். சாலமன், ஃபிஷர், ரொசிக்னால், ஆல்பினா, மாட்ஷுஸ், ஆட்டமிக் என்று நல்ல பூட் செய்பவர்கள் பலர். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயரை வைத்து அகலத்தை முடிவு செய்ய முடியாது. பூட் வார்க்கும் அச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். பெயரை விட இரண்டு விஷயங்கள் நம்பகமானவை.

ஒன்று, பந்தய மாடல். ஒரே நிறுவனத்தில் விலை குறைந்த ஆரம்பநிலை பூட் பலருக்கும் பொருந்தும்படி உள்ளே தாராளமாகவும் மெத்தென்றும் இருக்கும். மேலே போகப்போக உள்ளிடம் குறைந்து, குதிகால் பகுதி இறுக்கமாகும். ஆரம்பக்காரருக்குப் பந்தய பூட் எதற்கு என்று கடையில் சொல்லலாம். ஒல்லிப் பாதத்துக்கு அந்த வாதம் பொருந்தாது என்பது என் கருத்து. கார்பன் வைத்த உச்ச மாடல் தேவையில்லை, அதற்கு ஒன்றிரண்டு படி கீழே உள்ளது போதும்.

இரண்டு, பெண்களுக்கான மாடல். பல நிறுவனங்கள் பெண்களுக்கென்று தனி அச்சில் செய்கின்றன. குதிகால் ஒல்லி, உள்ளிடம் குறைவு. ஆண்களும் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம், நிறத்தைத் தவிர மறுக்க ஒரு காரணமும் இல்லை. உங்கள் கால் நீளமானது என்றால் அந்த மாடல்களில் அவ்வளவு பெரிய எண் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். கஃப் உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பெண்கள் மாடலில் அது சற்றுத் தாழ்வாக இருக்கக்கூடும்.

பைண்டிங் உங்களைக் கட்டிப்போடக் கூடாது

பூட்டை ஸ்கீயோடு மாட்டும் பிடிப்புதான் பைண்டிங். பழைய ஸ்கீ மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிட்டு, அதில் உள்ள பைண்டிங்குக்கு ஏற்ற பூட் தேடுகிறவர்கள் நிறைய. ஒல்லிப் பாதக்காரர் அப்படிச் செய்தால் தேர்வு மிகவும் சுருங்கிவிடும். இன்று விற்கும் என்என்என், ப்ரோலிங்க், டர்னாமிக் ஆகிய மூன்று வகைக்கும் பூட் ஒன்றுக்கொன்று பொருந்தும். பூட்டின் அடியில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் இருந்தால் அந்தக் குடும்பம். நடுவில் ஒரே அகலமான பள்ளம் இருந்தால் அது பழைய எஸ்என்எஸ் வகை. எஸ்என்எஸ் பைலட் பூட்டில் முன்பக்கம் இரண்டு குறுக்குக் கம்பிகள் இருக்கும். எஸ்என்எஸ் பூட் எதுவும் மற்ற மூன்றிலும் மாட்டாது. கைவசம் எஸ்என்எஸ் ஸ்கீ இருந்தால், பொருந்தாத பூட்டோடு மல்லாடுவதை விட பைண்டிங்கை மாற்றிப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

கடையில் செய்ய வேண்டியது

அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ போங்கள். எல்லா அளவும் அப்போதுதான் இருக்கும். கூட்டம் இல்லாத வார நாள் மாலை நல்லது, ஏனென்றால் உங்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். உங்கள் காலுறையையும் சாதாரணமாகப் போடும் இன்சோலையும் எடுத்துப்போங்கள். ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை. இரண்டு காலுறை போட்டு இடத்தை நிரப்பும் வழக்கம் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், மடியும், வியர்வை தேங்கிக் கால் குளிரும். அது வேண்டாம்.

பூட்டுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன் மேல் நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். பக்கங்களில் இன்சோல் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தால் அந்த பூட் உங்களுக்கு அகலம், போட்டுப் பார்க்காமலேயே வைத்துவிடலாம்.

போட்டுப் பார்க்கும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் நன்றாக உட்கார வையுங்கள். பிறகு லேஸ். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கிச் சறுக்கும் நிலைக்கு வந்ததும் அது விலக வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு வாங்கச் சொல்வது நடைபயண பூட்டுக்குச் சரி, இதற்குச் சரிவராது.

இப்போது லேஸைப் பாருங்கள். சாதாரணமாக இழுத்ததும் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டால், பூட்டின் உள்ளிடம் உங்களுக்கு மிக அதிகம். புதிதாக இருக்கும்போதே ஒட்டினால், பத்து நாள் ஓட்டி உள்ளே இருக்கும் நுரை அமுங்கிய பிறகு இறுக்குவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. இரண்டு ஓரத்துக்கும் நடுவில் ஒரு விரல் அளவாவது இடைவெளி இருக்கட்டும். கணுக்கால் மெலிந்தவர்கள் கஃப் பட்டையையும் இதேபோல் பார்க்க வேண்டும். கடைசிப் பல் வரை இழுத்தும் கஃப் சுழல்கிறது என்றால் அது உங்களுக்கானது இல்லை. கஃபின் பக்கவாட்டு ஆணி கணுக்கால் எலும்புக்கு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு பழைய ஸ்கீயையோ தனி பைண்டிங்கையோ தரச்சொல்லி, பூட்டை அதில் மாட்டுங்கள். தரைவிரிப்பின் மேல் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்குங்கள். முதலில் பூட்டின் குதிகால் எழுகிறதா, உள்ளே உங்கள் குதிகால் எழுகிறதா? உங்கள் குதிகால் முந்திக்கொண்டால் அந்தப் பூட்டை வைத்துவிடுங்கள். முன்பக்கம் சற்றுத் தளர்வாக இருந்தால் சரிசெய்யலாம். குதிகால் தளர்வைச் சரிசெய்வது கடினம். அதே நிலையில் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை உள்ளேயும் வெளியேயும் அசையுங்கள். பூட்டும் கூடவே உடனே சாய வேண்டும். முதலில் பாதம் நகர்ந்து, அப்புறம் பூட் சாய்ந்தால் அந்தத் தாமதம் பனியிலும் தொடரும்.

இரண்டு மூன்று ஜோடிகளை இப்படிப் பார்த்த பிறகு, பிடித்ததைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இருபது நிமிடம் உலாவுங்கள். விரல் மரத்துப்போனால் வேண்டாம். பூட்டை அகலப்படுத்துவது சுலபம், சூடேற்றி ஒரு இடத்தில் விரிக்க பூட் பொருத்துபவர்களால் முடியும். குறுக்குவதற்கு அப்படி ஒரு வழி இல்லை, உள்ளே நிரப்பத்தான் முடியும். ஆகவே அகலமானதற்கும் ஒல்லியானதற்கும் நடுவில் தயக்கம் வந்தால், நீளம் சரியாக இருக்கும்வரை ஒல்லியானதையே எடுங்கள்.

இணையத்தில்தான் வாங்க முடியும் என்றால் திருப்பி அனுப்பும் வசதியைப் படித்துவிட்டு இரண்டு மாடல்களைச் சேர்த்து வரவழையுங்கள். வீட்டுக்குள், தரைவிரிப்பின் மேல் மட்டும் போட்டுப் பாருங்கள். பழைய பூட் வாங்குவதை ஒல்லிப் பாதக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முந்தையவரின் பாதம் உள் நுரையை ஏற்கெனவே விரித்து வைத்திருக்கும்.

மிச்சத் தளர்வை நிரப்புவது

நல்ல பூட் கிடைத்தாலும் கொஞ்சம் தளர்வு மிஞ்சலாம். அதைப் போக்க லேஸை இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. புறங்காலில் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கி, விரல்கள் மரத்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியில் அது ஆபத்தாகவும் முடியும். லேஸை இறுக்குவதற்கு முன் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை நிரப்புங்கள்.

கீழிருந்து தொடங்குங்கள். பூட்டோடு வரும் மெல்லிய இன்சோலை எடுத்துவிட்டு, வளைவைத் தாங்கும் கெட்டியான இன்சோல் போடுங்கள். உதாரணமாக சூப்பர்ஃபீட் நிறுவனத்தின் இன்சோல்களில் பச்சை நிறம் கனமானது, கறுப்பு மெல்லியது. இடம் நிறைய இருந்தால் பச்சை. ஆழமான குதிகால் கிண்ணம் உள்ள இன்சோல் குதிகாலைப் பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்ளும். இன்னும் இடம் இருந்தால் அதற்குக் கீழே 2 மில்லிமீட்டர் கார்க் தகடு ஒன்றை அதே வடிவில் வெட்டிப் போடுங்கள். புறங்கால் தாழ்ந்தவர்களுக்கு நான் முன்பு சொன்ன சுலபமான வழி இதுதான், பாதம் மேலே எழும்பி பூட்டின் மேற்பகுதியில் பொருந்திவிடும். ஆனால் அளவோடு. அதிகம் உயர்த்தினால் குதிகால் தன் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும்.

அதன் பிறகும் புறங்காலில் இடைவெளி இருந்தால், பூட்டின் நாக்குக்கு அடியில் ஒட்டும் நுரைத் துண்டு. குதிகால் அசைந்தால் குதிநாணின் இரண்டு பக்கமும், எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில், எல் வடிவில் வெட்டிய ஃபெல்ட் துண்டுகளை பூட்டின் உட்சுவரில் ஒட்டுங்கள். நேராக நாணின் மேல் ஒட்ட வேண்டாம், உராய்ந்து புண்ணாகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

லேஸ் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. விரல் பக்கம் தளர்வாக விட்டு, பாதம் மடங்கும் இடத்துக்கு வந்ததும் லேஸை ஒன்றோடொன்று இரண்டு முறை சுற்றி இழுத்துப் பூட்டுங்கள். அதற்கு மேல் இறுக்கமாகக் கட்டுங்கள். இந்தச் சுற்று கீழேயும் மேலேயும் உள்ள இறுக்கத்தைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும். இழுத்ததும் மொத்தமாக இறுகும் ஒற்றை லேஸ் உள்ள பூட்டில் இது முடியாது. ஆகவே எனக்கு சாதாரண லேஸ் உள்ள பூட்டே பிடிக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் குறைந்த தூரம் மட்டும் ஓட்டுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் ஹைலண்ட் லேக் பூங்காவிலோ தியோடர் வர்த்திலோ செயற்கைப் பனி போட்ட சின்னச் சுற்று இருக்கும், அது இதற்கு வசதி. ஏதாவது உறுத்தினால் காரில் போய்க் கழற்றிச் சரிசெய்துவிட்டுத் திரும்ப வரலாம். சிவந்த இடம் எது என்று வீட்டுக்கு வந்ததும் காலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டை ஹீட்டர் பக்கத்தில் காய வைக்காதீர்கள், இன்சோலை வெளியே எடுத்துவிட்டு அறைச் சூட்டில் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டிய பிறகு லேஸ் ஓரங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஒரு விரல் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் நுரை அமுங்கிவிட்டது. இன்சோலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய தகட்டை வைக்க வேண்டிய நேரம் அது.